தோட்டத்து வீட்டைக் கொடுத்துவிட்டுத் தொடர்மாடிச் சாவி வாங்கலாமா?

வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மாளிகாவத்தை, ஹேனமுல்லை, முகத்துவாரம் பக்கம் போனால் பன்னிரண்டு, பதினான்கு மாடி உயரத்தில் வரிசையாக நிற்கும் தொடர்மாடிகளைப் பார்த்திருப்பீர்கள். நகரத்துத் தோட்டங்களில், அதாவது நெருக்கமான குடிசைக் குடியிருப்புகளில், இருந்தவர்களுக்கென்று அரசாங்கம் கட்டியவை. பல்கனிக் கம்பியெல்லாம் உடுப்புக் காயும். கொழும்பில் அரசாங்கத்தின் பெரிய திட்டம் ஒன்று சாதாரணக் குடும்பத்தின் கைக்கு நேரடியாக வந்து சேர்ந்தது என்றால் அது இந்த வீடுதான். தாமரைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடலாம். இந்த வீட்டில் படுத்து எழும்ப வேண்டும், பிள்ளை படிக்க வேண்டும், மாதக் கடைசியில் பில் கட்ட வேண்டும். பட்டியலில் பெயர் வந்து சாவிக்குக் காத்திருப்பவர்களையும், ஏற்கெனவே குடியேறிக் குழாயோடும் லிஃப்டோடும் மல்லுக்கட்டுகிறவர்களையும் மனதில் வைத்து எழுதிய மதிப்புரை இது.

முதலில் விலை. இதை இலவச வீடு என்று கதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. நகர அபிவிருத்தி அதிகார சபை 2010 இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட பின் நகர மீளுருவாக்கத் திட்டம் வேகமெடுத்தது. அதன் கணக்கு இப்படி: கொழும்பு மாநகரின் தோட்டங்களிலும் முடுக்குகளிலும் சுமார் 68,000 குடும்பங்கள், அவர்கள் இருக்கும் காணி ஏறத்தாழ 900 ஏக்கர். குடும்பங்களை மேலே ஏற்றிவிட்டால் காணி கீழே மிஞ்சும். அதை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்து வரும் காசில் வீடு கட்டலாம். ஆரம்ப முதலுக்கு அதிகார சபை 1,000 கோடி ரூபாவுக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. 2019 இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 5,500 வீடுகளுக்கென 20 கோடி டொலர் கடனுக்கு அனுமதி கொடுத்தது. ஆகவே வீட்டின் முதல் தவணையைத் தோட்டத்துக் குடும்பம் தன் காலடி மண்ணாலேயே கட்டிவிடுகிறது.

அதற்கு மேல் காசும் கட்ட வேண்டும். ஆரம்பத்தில் குடியேறிய பல குடும்பங்களுக்கு மாதம் 3,960 ரூபா வீதம் 20 வருடம் என்று விதித்தார்கள். பெருக்கினால் 950,400 ரூபா. முற்பணத்தையும் சேர்த்தால் பத்து லட்சம். தவணை மாறாமல் நிற்பதால், 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட பின் அந்தத் தொகையின் பாரம் முன்னைப்போல் இல்லை. இந்தத் தவணையை மட்டும் எக்காரணம் கொண்டும் பிந்தவிடாதீர்கள். பின்னால் உறுதி (வீட்டு உரிமைப் பத்திரம்) கேட்டுப் போகும்போது முதலில் விரித்துப் பார்ப்பது இந்தப் பற்றுச்சீட்டுகளைத்தான்.

வீடு 400 சதுர அடிக்கும் 550 சதுர அடிக்கும் இடையில் இருக்கும். இரண்டு அறை, ஒரு ஹோல், குசினி, பாத்ரூம், சின்னப் பல்கனி. தனிக் குழாய், தனி மீட்டர், தனி மலசலகூடம். பொதுக் குழாயில் விடியற்காலை வாளி வரிசை வைத்தவர்களுக்கும், பொது மலசலகூடத்துக்கு இரவில் பொம்பிளைப் பிள்ளையைத் துணையோடு அனுப்பியவர்களுக்கும் இதன் அருமை தெரியும். மழைக்குக் கால்வாய்த் தண்ணீர் கட்டில் காலைத் தொடுவதும் இல்லாமல் போகிறது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமே இல்லை.

குறை, வீட்டுக் கணக்கை எடுத்த விதத்தில் இருக்கிறது. தோட்டத்தில் ஒரே எசெஸ்மன்ட் நம்பரில் (மாநகர சபை வரி இலக்கத்தில்) கீழே அப்பா அம்மா இருப்பார்கள். மேலே பலகை அடித்துக் கல்யாணம் முடித்த மகன், பின்பக்கம் சாய்ப்பு இறக்கி மகள் குடும்பம். மூன்று அடுப்பு எரியும். கணக்கெடுக்க வருகிறவர் கதவு இலக்கத்தைப் பார்த்து ஒன்று என்று எழுதிவிட்டால் மூன்று குடும்பத்துக்கும் ஒரே சாவி. ஒரே வீட்டில் இருந்த குடும்பங்கள் பின்னர் ஒரே 450 சதுர அடிக்குள் நெருக்கப்பட்டதற்கு இதுதான் பெரிய காரணம். கணக்கெடுப்பு வருமுன்னரே ஒவ்வொரு குடும்பமும் ஜீ.எஸ். (கிராம சேவகர்) அத்தாட்சியில் தனிக் குடும்பமாக இருக்க வேண்டும். அஸ்வெசும நிவாரண விண்ணப்பமும் தனித்தனியாகப் போயிருக்க வேண்டும். பட்டியல் ஒட்டிய பிறகு ஆட்சேபனை சொல்வதென்றால் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது.

தண்ணீருக்கு வருவோம். கீழே நிலக்கீழ்த் தொட்டி, அங்கிருந்து மோட்டர், மொட்டைமாடியில் டாங்கி, டாங்கியிலிருந்து வீடுகளுக்கு இறக்கம். இந்த அமைப்பில் டாங்கிக்கு நேர் கீழே இருக்கும் மாடியில்தான் தண்ணீர் மெதுவாக வரும். டாங்கி இரண்டு மீற்றர் உயரத்தில் இருந்தால் மேல்மாடிக் குழாயில் 0.2 பார் அழுத்தம்தான். ஷவரும் சுடுதண்ணீர் ஹீட்டரும் அதில் ஒழுங்காக வேலை செய்யாது. மாடிக்கு 0.3 பார் கூடிக்கொண்டே வந்து, பன்னிரண்டு மாடி இறங்கியதும் மூன்றரை பாரைத் தாண்டிவிடும். இடையில் அழுத்தம் குறைக்கும் வால்வு இல்லாவிட்டாலோ, இருந்தும் பழுதாகிவிட்டாலோ, கீழ்மாடிகளில் குழாய் மூட்டு கசியும், பிளாஸ்டிக் குழாய்த்தலை அடிக்கடி உடையும். கீழ்மாடிக்காரர் மலிவான குழாய்த்தலையை மூன்று தடவை மாற்றுவதை விட, பித்தளையில் ஒன்றைப் போடுவது லாபம்.

மலசலக் குழாயில் கிரவுண்ட் ஃப்ளோருக்கு ஒரு தனிக் கரைச்சல் உண்டு. மேலிருந்து நேராக இறங்கும் பெரிய குழாய் அடியில் வளைந்து மேன்ஹோலுக்குப் போகும். அந்த வளைவில் தேங்காய்த் தும்பும் துணியும் பிள்ளைகளின் பம்பர்ஸும் சேர்ந்து அடைத்தால், பன்னிரண்டு மாடியின் கழிவும் வெளியே வரும் முதல் வாய் கிரவுண்ட் ஃப்ளோர் பாத்ரூம்தான். கீழ்வீடு கிடைத்தால் அந்த வீட்டின் குழாய் தனியாக மேன்ஹோலுக்குப் போகிறதா, பெரிய குழாயோடு சேர்கிறதா என்று குழாய் வேலை செய்யும் பைப் பாஸ் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். சேர்கிறது என்றால் மேல்மாடி எல்லாரும் என்ன போடுகிறார்கள் என்பது உங்கள் பிரச்சினையாகிவிடும்.

வீடு ஒதுக்குவது பெரும்பாலும் குலுக்கலில். ஆனாலும் வயதானவர், நடக்க முடியாதவர் இருந்தால் மருத்துவ அறிக்கையோடு கீழ்மாடி கேட்கலாம். குலுக்கலுக்கு முன் கேட்க வேண்டும். தெரிவு கிடைத்தால் மூன்றிலிருந்து ஐந்து வரை நல்லது. லிஃப்ட் நின்றாலும் ஏறலாம், தண்ணீரும் சீராக வரும், மொட்டைமாடிக் கொங்கிரீட்டின் சூடும் இறங்காது.

இனி லிஃப்ட். இந்த வீடு வாழக்கூடியதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மாடிக்கு 18 படி என்று வைத்தால் பன்னிரண்டு மாடிக்கு 216 படி. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் வெறும் உருளையின் எடையோடு 25 கிலோவைத் தாண்டும். அதைத் தோளில் வைத்து 216 படி ஏறுவது ஒரு நாள் கூலி வேலை.

லிஃப்ட் நின்றதும் மோட்டர் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் மோட்டரில் ஒன்றுமில்லை, கோளாறு கதவில். கதவு ஓடும் பள்ளத்தில் மணலும் டொஃபித் தாளும் சேர்ந்தால் கதவு முழுதாக மூடாது. மூடாவிட்டால் பூட்டுத் தொடுப்பு சேராது, லிஃப்ட் அசையாது. வழிநடையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னொரு பெரிய எதிரி. தண்ணீர் கதவு விளிம்பால் ஓடி, ஒவ்வொரு மாடியின் பூட்டுத் தொடுப்பையும் நனைத்துக்கொண்டு அடிக்குழியில் தேங்கும். ஈரத்தில் தொடுப்பு துருப்பிடிக்கும், ஒரு மாடியில் பிடிக்காமல் போனாலும் முழு லிஃப்டும் நிற்கும். வழிநடையை ஈரத் துடைப்பத்தால் துடைத்து, வாரத்தில் ஒரு நாள் பள்ளத்தைப் பழைய பல் பிரஷால் சுரண்டி எடுத்தாலே பழுது பாதியாகும். சாமான் ஏற்றும்போது கதவை சிலிண்டராலோ கதிரையாலோ முட்டுக் கொடுக்கக் கூடாது. கதவு மூட முயன்று முயன்று அதன் பட்டி இழுபடும். கரண்ட் போனால் கிட்டிய மாடிக்கு வந்து கதவைத் திறந்துவிட உள்ளே ஒரு பற்றரி இருக்கும்; அது சில வருடங்களில் செத்துவிடும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்ட பிறகு பற்றரியைத் தேடுவதை விட, வீட்டுக்காரர் குழுக் கூட்டத்தில் கடைசியாக மாற்றிய திகதியைக் கேட்டு வையுங்கள்.

உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டையும் வாசியுங்கள். 8 பேர், 630 கிலோ என்று இருந்தால் அதன் ஆழம் வழமையாக 1.4 மீற்றர். நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் ஸ்ட்ரெச்சருக்கு 2.1 மீற்றர் ஆழம் தேவை. அதற்கு 1,000 கிலோ அளவு லிஃப்ட் வேண்டும். சின்ன லிஃப்ட் மட்டும் உள்ள கட்டடத்தில் பக்கவாதம் வந்தவரைக் கதிரையில் கட்டித்தான் இறக்க வேண்டும். செத்த வீடு வந்தால் பெட்டி படிக்கட்டால்தான் போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் நிமிர்த்திப் பிடித்து. கட்டட வரைபடத்தில் ஒருவர் யோசித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய அவமதிப்பு அது.

2022 இல் இந்தக் கட்டடங்களின் பலவீனம் முழுதாக வெளியே வந்தது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டு. கரண்ட் இல்லையென்றால் மோட்டர் இல்லை, டாங்கியில் தண்ணீர் இல்லை, லிஃப்ட் இல்லை. ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் இல்லை. தோட்டத்தில் கரண்ட் போனால் விளக்குத்தான் போகும். இங்கே ஏழாம் மாடியில் குளிப்பும் சமையலும் நின்றுவிடும். டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போன சில வாரங்களில் இறக்குமதி செய்யும் லிஃப்ட் உதிரிப்பாகத்தின் விலையும் அதே வேகத்தில் ஏறியது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் கூடியது. வீட்டுக்குள் சிக்கனம் பிடிக்கலாம். படிக்கட்டு விளக்கு, தண்ணீர் மோட்டர், லிஃப்ட் மூன்றும் ஓடுவது பொது மீட்டரில். சில வீடுகள் மாதப் பராமரிப்புக் காசைக் கொடுக்காமல் விட்டால், கொடுத்தவர்களும் சேர்ந்துதான் படி ஏறுவார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? பொது இடங்களுக்குச் சட்டப்படி பொறுப்பான ஒருவர் பல கட்டடங்களில் இன்னும் உருவாகவே இல்லை. 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படி கட்டடத்தின் கூட்டாதனத் திட்டம் (ஒவ்வொரு வீட்டையும் பொது இடங்களையும் பிரித்துக் காட்டும் வரைபடம்) காணிப் பதிவகத்தில் பதிவானால்தான் வீட்டுக்காரர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பிறக்கும். அதற்குத்தான் பராமரிப்புக் காசு அறவிடவும், கட்டாதவர் மீது வழக்குப் போடவும், லிஃப்ட் கம்பனியோடு ஒப்பந்தம் செய்யவும் அதிகாரம். அந்தப் பதிவு நடக்க, கட்டடம் நிற்கும் காணியின் உரிமை முதலில் சுத்தமாக இருக்க வேண்டும், நில அளவையாளரின் வரைபடம் அங்கீகாரம் பெற வேண்டும். அதே பதிவு நடந்தால்தான் உங்கள் பெயருக்குத் தனி உறுதியும் எழுத முடியும். லிஃப்ட் கிடந்து பழுதாவதும் உறுதி வராமல் இழுபடுவதும் ஒரே நோய்தான். லிஃப்டுக்காகச் சண்டை பிடிக்கும் குழுக்கள் கூட்டாதனப் பதிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

உறுதி இல்லாமல் வீடு கையில் இருப்பதற்கும், உறுதியோடு இருப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பலருக்கு உறைப்பதில்லை. வங்கியில் ஈடு வைக்க முடியாது. தகப்பன் இறந்தால் பிள்ளைகளுக்குள் பெயர் மாற்றுவது பெரும்பாடு. முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்துக்கான புள்ளியில் உறுதிக்காரருக்குக் கிடைப்பது ஒதுக்கீட்டுக் கடிதக்காரருக்குக் கிடைக்காது. இந்த இடைவெளியில்தான் அட்டோர்னிப் பத்திரத்தில் வீடு விற்கும் வியாபாரம் நடக்கிறது. வாங்காதீர்கள். ஒதுக்கீட்டு ஒப்பந்தம் விற்பனையைத் தடுத்திருந்தால், கொடுத்த காசு போனதுதான்.

ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது என்பதும் சின்ன விசயம் இல்லை. வட கொழும்பில் தமிழ் பேசும் குடும்பங்கள் ஏராளம், அப்படியிருந்தும் சிங்களத்தில் மட்டும் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது நடந்திருக்கிறது. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் 13 ஆவது திருத்தத்திலேயே எழுதியாயிற்று. தமிழ்ப் பிரதி தரும்வரை கையெழுத்து வைக்காமல் இருக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம். தவணை எத்தனை வருடம், பிந்தினால் என்ன, வாடகைக்கு விடலாமா, உறுதி எப்போது என்ற நான்கும் எந்தப் பந்தியில் இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

தொழில்தான் பலர் கணக்கில் எடுக்காத செலவு. இடியப்பம் அவித்து விடியற்காலையில் கடைகளுக்குக் கொடுக்கும் அம்மா, மாவு மூட்டையையும் தட்டுகளையும் லிஃப்டில் ஏற்றி இறக்க வேண்டும். வாசலோடு வரும் வியாபாரம் பூச்சியம். ஆட்டோ ஓடுகிறவருக்கு நிறுத்த இடம் போதாது, இரவில் வண்டி கண்ணுக்கு எட்டாத தூரத்தில். மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளிக்கு இன்னொரு அடி: மரக்கறி மொத்தச் சந்தையான மெனிங் சந்தை 2020 நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்குப் போனது. நடந்து போன வேலைக்கு இப்போது பஸ் காசு. வீட்டை ஒரு திட்டமும் வேலையை இன்னொரு திட்டமும் நகர்த்தியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை.

மற்றப் பெரிய திட்டங்களையும் இதே குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் படம் தெளிவாகும். 2013 ஒக்டோபரில் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் போக முடியாது. இந்தத் தொடர்மாடிகளின் கீழே நிற்கும் வாகனங்களில் அநேகமானவை அந்த இரண்டும்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு உண்மையில் உதவியிருக்கக்கூடிய மாலபே – கோட்டை இலகு ரயிலை, ஜப்பானியக் கடன் கையெழுத்தான பிறகு, 2020 இல் நிறுத்தினார்கள். மனதாரப் பாராட்ட வேண்டியது வெள்ளத் தடுப்பு வேலை: 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் வந்த பின், உலக வங்கியின் 21.3 கோடி டொலர் கடனில் கால்வாய்களையும் ஈரநிலங்களையும் சீர் செய்தார்கள். நாடா வெட்டிப் படமெடுக்க ஏற்ற வேலை இல்லை, ஆனால் தாழ்ந்த இடத்து வீடுகளுக்கு நேரடியான பயன்.

உங்கள் வீட்டை எடுப்பது எந்தத் திட்டம், அதற்குக் கடன் கொடுத்தது யார் என்று கட்டாயம் விசாரியுங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி, ஜப்பானின் உதவி நிறுவனமான ஜைக்கா, ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி போன்றவை கடன் கொடுத்தால் மீள்குடியேற்றத் திட்டம் எழுத்தில் இருக்க வேண்டும், முறையிட வழியும் இருக்கும். காணி உங்கள் பெயரில் இருந்து 1950 ஆம் ஆண்டுக் காணி எடுத்தற் சட்டத்தில் எடுக்கிறார்கள் என்றால் நட்டஈடு உரிமை. தொடர்மாடிதான் ஒரே வழி என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். உறுதியுள்ள காணியில் மூன்று குடும்பம் இருந்தால், நல்ல நட்டஈடு ஒரு ஃப்ளாட்டை விட மேல். காணிக்கு எந்தப் பத்திரமும் இல்லாமல், கால்வாய்க் கரையில், பொது மலசலகூடத்தோடு இருக்கும் சிறு குடும்பத்துக்கு இந்த வீட்டை எடுங்கள் என்றுதான் எங்கள் தீர்ப்பு. லிஃப்ட் நிலைமை தெரிந்துகொண்டு எடுங்கள்.

பராமரிப்புக் கணக்கோ கூட்டாதனப் பதிவின் நிலையோ தெரியாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தமிழில் எழுதலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி சொல்லியாக வேண்டும். தனியாள் கேட்பதை விட, ஒரே மாடியில் நான்கு வீட்டுக்காரர் தனித்தனியாகக் கேட்டால் கோப்பு வேகமாக அசையும்.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு வாளி, ஒரு போன் சார்ஜர், ஒரு டோர்ச், பேனா எடுத்துக்கொண்டு போங்கள். பாத்ரூம் தரையில் இரண்டு வாளி ஊற்றி, தண்ணீர் துவாரத்தை நோக்கி ஓடுகிறதா, மூலையில் தேங்குகிறதா என்று பாருங்கள். முடிந்தால் துவாரத்தை அடைத்து ஒரு நாள் தண்ணீர் கட்டி, மறுநாள் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்; டைல்ஸுக்குக் கீழ் நீர்த்தடுப்பு பூசாத வீடு அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு பிளக்கிலும் சார்ஜரைச் செருகுங்கள், டிரிப் ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அமத்துங்கள், விழ வேண்டும். மீட்டர் வாசிப்பைப் படமெடுங்கள், இல்லாவிட்டால் கட்டட வேலைக்காரர் எரித்த கரண்டுக்கும் நீங்கள் கட்டுவீர்கள். குறை ஏதும் இருந்தால் ஒப்படைப்புத் தாளில் உங்கள் கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள். கீழே எழுதினால் பிறகு சேர்த்தது என்று சொல்லிவிடுவார்கள்.